பெயர் சொல்லிக் கூப்பிட

மேசையில் முட்கரண்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டே வரும் தோங்பாய், முக்கிய விருந்தாளியின் நாற்காலிக்கு வந்ததும் நிற்கிறாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதில் உட்காருகிறாள். விளக்கு கண்ணில் குத்துகிறதா, பூக்குவளை எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கிறதா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு எழுந்து, உட்கார்ந்த தடம் தெரியாமல் மெத்தையைத் தட்டிவிடுகிறாள். பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரின் வீட்டில் விருந்து என்றால் இது தப்பாது.

"மந்திரி வர்ற வரைக்கும் இவதான் மந்திரி" என்பார் ஓட்டுநர் சம்ரான்.

"மந்திரி எத்தனை நாளைக்கு இருப்பாரு? நான் முப்பது வருசமா உக்காருறேன்" என்பாள் தோங்பாய்.

தாய்லாந்தின் வடகிழக்கே ரோய் எட் பக்கத்துக்காரி. குள்ளமான உருவம். எந்த வெயிலிலும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டாள். தோட்டத்தோடு கூடிய பழைய மாளிகையை விற்றுவிட்டுத் தூதர் அடுக்குமாடிக்குக் குடிபோனபோதே அவளுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. ஆனாலும் தூதரக அலுவலகச் செயலாளர் பிம் பெரிய விருந்துகளுக்கு அவளைத்தான் கூப்பிடுகிறாள். பிம்முக்கு அவள் பெரியம்மா. உறவில் அல்ல, வாய் நிறைய.

தோங்பாயின் நாட்காட்டியில் ஆண்டுகள் கிடையாது, தூதர்கள்தான் உண்டு. மகன் பிறந்தது குழாய்க்கார ஐயா காலத்தில். அவர் மாலையில் புல்வெளியில் நின்று குழாய் குழாயாக நீட்டிய ஸ்காட்லாந்துப் பைக்குழல் ஊதுவார், அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் கூடவே ஊளையிடும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தது நாய்க்கார ஐயா காலத்தில். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது எப்போது என்று பிம் ஒருமுறை கேட்டாள். "எந்தத் தடவை? முட்டைக்கார ஐயா இருந்தப்பவா, அதுக்கு அப்புறமா?" என்று திருப்பிக் கேட்டாள் தோங்பாய்.

அலுவலக நடைவழிச் சுவரில் இதுவரை வந்தவர்களின் படங்கள் தொங்குகின்றன. தொப்பியில் இறகு வைத்தவர்கள் முதலில். தூதர் என்ற பட்டமே வருவதற்கு முந்திய ஆட்கள். பிறகு மீசைக்காரர்கள். பிறகு கழுத்துப்பட்டி அணிந்தவர்கள். தோங்பாய் அந்த வழியாகப் போகும்போது, பெரியவர்களைக் கடந்து போவதுபோலத் தோளை இறக்கிக் குனிந்தபடியே போவாள். "படம்தானே பெரியம்மா" என்று பிம் சிரித்தால், "உனக்குப் படம். நான் இவங்க உள்பனியன் எல்லாம் துவைச்சிருக்கேன், மரியாதை வேண்டாமா" என்பாள்.

கோயிலில் புத்த பிக்குகளுக்கு உணவு கொடுத்துவிட்டு, அந்தப் புண்ணியம் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று தண்ணீர் வார்க்கும்போதும் அவள் இவர்களை விடுவதில்லை. தாய், தகப்பன், புருஷன், அதற்கடுத்து செத்துப்போன தூதர்கள். செத்த பிறகும் இவள் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோகிறாள் என்று சம்ரான் சொல்வார். அதற்கு மட்டும் அவள் சிரிக்க மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர்கள் வருவார்கள், இல்லாவிட்டால் கையேந்திக்கொண்டு வெளியிலேயே நிற்பார்கள் என்பது அவளுடைய திடமான நம்பிக்கை.

எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவள், ஒருவரை மட்டும் பெயராலேயே சொல்வாள். லயனல் ஐயா. அவருடைய மனைவி ஹெஸ்டர் அம்மா இங்கேதான் நோயில் விழுந்தாள். விருந்தாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத் தோங்பாய்க்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். அவள் இறந்ததும் கால்வாய்க் கரையில் உள்ள புத்தர் கோயிலில் எரித்து, சாம்பலைக் கோயில் மதிலில் ஒரு சிறு மாடத்தில் வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகு லயனல் ஐயா மேசையில் தனியாகச் சாப்பிடவில்லை. வேலைக்காரர்களின் சமையலறைக்கு இறங்கி வந்தார்.

"மீன் ஊறல் நாத்தம் மேல வருதுன்னு மத்த ஐயாமாருங்க சண்டைக்கு வருவாங்க. இவரு அந்த வாடையப் புடிச்சுக்கிட்டே கீழ வந்து குந்துனாரு" என்பாள் தோங்பாய். ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, உப்பில் ஊறிப் புளித்த அந்த மீனில் தொட்டுத் தின்றாராம். கண்ணில் நீர் வந்தால் மிளகாய் என்று சொல்வாராம். மிளகாய் போடாத நாளிலும் அப்படித்தான் சொன்னாராம்.

வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போன பிறகும், ஓய்வு பெற்ற பிறகும், சோங்க்ரான் புத்தாண்டு வந்தால் அவர் வந்துவிடுவார். தோங்பாயும் அவரும் மாடத்தின் மேல் வாசனை நீர் ஊற்றிக் கழுவுவார்கள். கடைசியாக வந்தபோது ஈரக் கால்சட்டையோடு மதிலோரம் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழியில் தட்டுத் தடுமாறிக் கேட்டார். இவளை நாம் இரண்டு பேரும் கூப்பிடுகிறோம். எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, என்னை யார் கூப்பிடுவார்கள்?

"உங்க பேரு எனக்குத் தெரியாதா ஐயா" என்றாள் தோங்பாய்.

அதன் பிறகு அவர் வரவில்லை. மூட்டுவலி என்று முதலில் தகவல் வந்தது. பிறகு தகவலும் நின்றுபோயிற்று.

இந்தக் குளிர்காலத்தில் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றின் முதியோர் இல்லத்தில் லயனல் இறந்துவிட்டார். அதைப் படித்தவள் பிம். நேரே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சம்ரானிடம் சொன்னாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த வண்டிக் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"தோங்பாய்க்கு நெஞ்சு சரியில்ல பிள்ள. சோங்க்ரான் கழியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

பிம்முக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் வாரங்கள் போகப் போகச் சொல்வது கடினமாயிற்று. தோங்பாய் விருந்துக்கு வந்து முட்கரண்டி அடுக்கும்போதெல்லாம் பிம் கோப்பைகளை எண்ணுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நகரத்தில் வளர்ந்தவள், இறந்தவர்கள் வெளியில் நின்று காத்திருப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல. இருந்தும் ஒரு கிழவர் யாரும் கூப்பிடாமல் எங்கோ நிற்கிறார் என்ற எண்ணம் சில இரவுகளில் அவளைத் தூங்கவிடவில்லை.

சோங்க்ரான் அன்று தோங்பாய் அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். ஹெஸ்டர் அம்மாவின் மாடத்தில் நீர் ஊற்றி, அதில் பதித்திருந்த அவள் படத்தின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். மண்டபத்தில் ஓர் இளம் பிக்கு இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று இறந்தவர்களுக்கு, பிரார்த்தனை முடிந்ததும் அதை எரிப்பார்கள். மற்றது உயிரோடிருப்பவர்களின் நலத்துக்கு. அது புத்தரின் பாதத்தில் இருக்கும். உயிரோடிருக்கும் ஒருவர் பெயரை எரியும் தாளில் எழுத யாருக்கும் கை வராது.

"கண்ணாடிய மறந்துட்டேன். நீ எழுது" என்றாள் தோங்பாய்.

அவள் சொல்லச் சொல்ல பிம் எழுதினாள். இறந்தவர்களின் தாளில் தாய், தகப்பன், புருஷன், குழாய்க்கார ஐயா, முட்டைக்கார ஐயா, ஹெஸ்டர் அம்மா. மற்றதில் மகன், மருமகள், பேத்தி, இப்போதிருக்கும் தூதர்.

"லயனல் ஐயா" என்றாள் தோங்பாய். எந்தத் தாளில் என்று சொல்லவில்லை.

பிம்மின் பேனா காற்றில் நின்றது. பிறகு உயிரோடிருப்பவர்களின் தாளில் இறங்கி முதல் எழுத்தைப் போட்டது.

"அவரு வர்றது நின்னப்புறமும் வருசா வருசம் சம்ரான் கேப்பான், உங்க ஐயாவக் கூட்டிவர வண்டி எடுக்கவான்னு" என்றாள் தோங்பாய், மாடம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே. "இந்த வருசம் அவன் ஒண்ணுமே கேக்கல."

பிம்மால் அடுத்த எழுத்தைப் போட முடியவில்லை.

தோங்பாய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். விருந்து நடுவில் தட்டை எடுப்பதுபோல, ஓசையில்லாமல், பேனாவோடு அந்தக் கையைத் தூக்கி இறந்தவர்களின் தாளின் மேல் வைத்தாள். பெயரை முழுதும் எழுதி முடிக்கும்வரை பிடியை விடவில்லை.