கண்ணாடி மேல் பாலாடை

பிறந்த அன்றே இது தேறாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். என் தங்கை தேறினாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காதை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில் மோதிரத்தைத் திருடினாள் என்று பழி போட்டார்கள். மோதிரம் அவர்கள் சோபாவுக்கு அடியிலேயே கிடைத்தது. திரும்பக் கூப்பிட்டார்கள், அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை. கட்டினவன் விட்டுப் போனான். மகளை ஒற்றை ஆளாக வளர்த்து நர்ஸ் ஆக்கினாள். நாற்பத்தொரு வயதில், ஆண்கள் மட்டும் வேலை பார்த்த கண்ணாடிப் பட்டறையில் உலை அவள் பொறுப்புக்கு வந்தது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தலை நிமிரும்.

குள்ளம் என்பதால் அவளைச் சுண்டு என்று கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, அதுவே பெயராகிவிட்டது.

பட்டறை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம்தான். பழைய பாட்டில்களை உடைத்து, கழுவி, அச்சில் பரப்பி, கரண்ட் உலையில் உருக்கித் தட்டும் கிண்ணமும் செய்வார்கள். ஒரே ஒரு தொல்லை. வெந்து வரும் தட்டின் மேல் வெள்ளையாக ஒரு மங்கல் படியும். பட்டறையில் அதைப் பாலாடை என்பார்கள். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, கண்ணாடியின் தோலே அப்படி மாறிவிடுகிறது.

சுண்டு அதன் பின்னாலேயே அலைந்தாள். ஒரு தட்டில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்து வந்தது. பாட்டில் உடைக்கும் கட்டையனின் எண்ணெய்க் கை அது. கையை நீட்டு, ரேகை பார்த்து உனக்குப் பெண் எப்போது அமையும் என்று சொல்கிறேன் என்றாளாம். அதிலிருந்து கழுவிய கண்ணாடியை வெறும் கையால் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். கழுவிய தண்ணீர் தானாகக் காய்ந்தாலும் கறை நிற்கும், அதனால் துவைத்த துணியால் ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுத்தாள். தட்டார்கள் நகை பற்றவைக்கும் வெங்காரத்தைத் தண்ணீரில் கரைத்து மேலே மெல்லப் பூசிப் பார்த்தாள். பாதி குறைந்தது. மீதி போகவில்லை.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. சூடு உச்சிக்கு ஏறியதும் உலையின் சூட்டை மிக மெதுவாக இறக்குவார். அவசரப்பட்டால் வெடித்துவிடும், பிள்ளைத்தாச்சியைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பார். ஒரு மத்தியானம் உச்சிச் சூட்டில் கரண்ட் போய்விட்டது. பதறிப்போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். மறுநாள் சில்லு பொறுக்கத் துடைப்பத்தோடு நின்றார்கள். உள்ளே தட்டுகள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன. அதிர்ஷ்டம் என்றார்கள் எல்லோரும்.

"அதிர்ஷ்டம் இல்லீங்க முதலாளி," என்றாள் சுண்டு. "உச்சியிலேர்ந்து எறங்கும்போது கொஞ்ச தூரம் இருக்கு, அங்கதான் பாலாடை படியுது. நீங்க மூடியத் தெறந்ததும் சூடு சட்டுனு அதத் தாண்டிடுச்சு. அந்த எடத்த மட்டும் ஓடிக் கடந்துடணும். அதுக்குக் கீழ உங்க பிள்ளைத்தாச்சி மெதுவா நடக்கட்டும்."

அப்படிச் செய்து பார்த்தார்கள். தெளிவாகவே வந்தது. அன்றிலிருந்து உலை மூடியின் பிடி அவள் கையில்.

அப்புறம்தான் ஓர் ஓட்டல்காரர் வந்தார். மாதிரித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தன் கிளைகள் எல்லாவற்றுக்கும் செய்யச் சொன்னார். பட்டறை அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. இது வந்தால் பட்டறை, இல்லாவிட்டால் பூட்டு என்று முதலாளி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒரு காது கேட்காத, வயதான பெண்ணை வேறு எந்த உலைக்குப் பக்கத்திலும் விட மாட்டார்கள் என்பது சுண்டுவுக்குத் தெரியும்.

இத்தனை தட்டுக்கு ஒரே மாதிரிப் பாட்டில் கிடைக்கவில்லை. முதலாளி பழைய சாமான் கிடங்கிலிருந்து நொறுக்கிய கண்ணாடியை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார். எது பாட்டில், எது ஜன்னல், எது விளக்குக் கூண்டு என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம், எல்லாம் வேற வேற வயித்துப் பிள்ளைங்க, ஒண்ணா வளராது என்று சுண்டு சொல்லிப் பார்த்தாள். வேறு வழி இல்லை என்றார் அவர். உண்மையிலேயே இல்லை.

முதல் உலை முழுக்கப் பாலாடை. மூன்று தண்ணீரில் கழுவினாள், வெங்காரத்தைக் கூட்டினாள், மறுபடி பாலாடை. உச்சிச் சூட்டைக் குறைத்தாள், துண்டுகள் சரியாக ஒட்டாமல் விளிம்பு கையைக் கிழித்தது. மூடியை அகலமாகத் திறந்து வேகமாக இறக்கினாள், மங்கல் போனது, ஆனால் ஆறும்போது ஒவ்வொரு தட்டாக விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குச் சரியாகக் கேட்காது. கட்டையன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கிக் காட்டினான். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டான். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சாப்பிடவில்லை.

விரிசல் விடாமல் நின்றதில் நல்லதாகப் பொறுக்கி ஓட்டலுக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டல்காரர் விரலால் தட்டைத் தடவினார்.

"என்னம்மா, கழுவாமலே கொண்டு வந்துட்டீங்களா?"

சுண்டு தட்டை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டாள்.

பட்டறை பூட்டும் நாளில் துணைக்கு நானும் போனேன். உலையை வாங்கியவர்கள் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நானாகவே வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிய தாளை முதலாளி ஒவ்வொருவரிடமும் நீட்டினார். அவருக்கும் அதில் இஷ்டமில்லை, முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார். சுண்டுவின் முறை வந்தபோது மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அதுநாள் வரை எங்கேயும் அவள் கைநாட்டுதான்.

சுண்டு பெட்டியை மூடினாள்.

"பேனா குடுங்க. போறது யாருன்னு தெரியணுமில்ல."

எப்போது பழகினாள் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. தாளைக் கோணாமல் வைத்து, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஓர் எழுத்தும் பிசகவில்லை. கீழே தேதியைப் போட அவளுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் நான் எழுதினேன்: 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.