வாளையாற்றுக்கு இந்தப் பக்கம்

சாந்தாமணி ஒளிந்திருந்த வீட்டை அவள் புருஷனுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டான், சொன்னேன்!

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் நான் ஏட்டு. சாந்தாமணி வெள்ளகோவில் பக்கத்துப் பெண். பாலக்காட்டுப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக் குடியேறிய நம் ஊர்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அடித்த அடியில் இடது காது போயிருந்தது. அங்கேயே கோர்ட்டுக்குப் போய், அவன் தன்னை நெருங்கக் கூடாதென்று தடை உத்தரவு வாங்கினாள். பிறகு தப்பித்து வந்து, சிங்காநல்லூரில் ஒரு மாடி அறையில் தங்கித் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அவரு என்னைத் தேடிட்டு இருக்காருங்கக்கா. வந்தா நீங்கதான் தடுக்கோணும்" என்று உத்தரவின் நகலை என்னிடம் நீட்டினாள்.

நான் அதைப் படித்தேனா? முத்திரையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"இது கேரளாக் கோர்ட்டு, அம்மணி. வாளையாறு தாண்டுனா செல்லாது. இங்க புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா கண்ணு" என்றேன்.

செல்லாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாருமில்லை! அவன் எந்த ஊரில் நின்றாலும் அந்தத் தடை அவனைக் கட்டும் என்று எந்த வக்கீலைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். இன்ஸ்பெக்டரம்மாவிடமாவது காட்டியிருக்கலாம். பக்கத்து மாநிலத்துக்கு எழுதிப் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எனக்குச் சோம்பல்... விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

சில நாளில் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, பணிவான குரல்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக்காரி கோவிச்சுட்டு வந்துட்டாளுங்க..."

அதட்டத்தான் ஆரம்பித்தேன். அவன் என் ஊரைக் கேட்டான். பிறகு என்ன கூட்டம் என்று கேட்டான். எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்திராவிட்டாலும், அண்ணன் தங்கைதான். அவனும் என் கூட்டமே! குலதெய்வமும் ஒன்று.

"அட, அப்ப நீங்க எனக்கு அண்ணனாச்சேங்க!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். நாற்காலி போடச் சொன்னேன், டீ வரவழைத்தேன். காக்கி உடுப்பு மேலேதான் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் தங்கச்சி.

என் கூடப்பிறந்தவர்களைப் போல இவனும் நல்லவனாயிருப்பான் என்று நம்பினேனா? சே, அதுகூட இல்லை! அவள் காது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும், அண்ணன் முறைக்காரன் கேட்கும்போது முகத்தை முறித்துக்கொள்ள மனம் வரவில்லை. விலாசத்தைச் சொன்னேன். எந்தத் தெருவில் திரும்பவேண்டும் என்பதையும் சொன்னேன்...

அன்று மாலையே அவளைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவளுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு வந்து சொன்னார். "புருஷன் பொண்டாட்டி விசயமுங்க, நாம தலையிடக் கூடாது" என்று அவரையும் திருப்பி அனுப்பினேன். அப்போதாவது பாலக்காட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால்!

அந்த மாதமே சாந்தாமணி அவன் தோப்புக் கிணற்றில் பிணமாக மிதந்தாள்.

வழக்கு அந்தப் பக்கம் நடந்தது. தானாக மனம் மாறித் தன்னோடு வந்தாள், தானாகவே குதித்தாள் என்றான். மறுக்க ஆளில்லை. வீட்டுக்காரம்மாவைத் தேடி இங்கே யாரும் வரவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம்... சொன்னால் என் வேலை போய்விடும். போகவில்லை. அவனை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் அவனைப் பார்த்தேன். மறுபடி கல்யாணம் செய்திருந்தான்.

"என்னுங்க தங்கச்சி, சௌக்கியமுங்களா?" என்றான்.

சுற்றிலும் பங்காளிகள் நின்றார்கள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா நான்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"நல்லாருக்கேனுங்கண்ணா" என்றேன்.

புதுப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. நாத்தனார் முறை என்று கேட்டதும் ஆசையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கல் வைத்து முடியும்வரை விடவில்லை. அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.