எண்ணெய் எதற்கு என்று கேட்டேன்

இயேசுவில் அன்பான சகோதர சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. என் பெயர் செலின். கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதுச் சரக்கு வந்தால் சேலையைத் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் அடுக்க மாட்டேன். மனிதர்களிடமும் அப்படித்தான். சாட்சிக் கூட்டத்தில் யாராவது செபத்தால் நோய் தீர்ந்தது என்று கண்ணீரோடு பேசினால், இவர் ஊசியும் போட்டுக்கொண்டாரா இல்லையா என்றுதான் என் மனம் கேட்கும். அப்படிப்பட்ட என்னைப் போய் எங்கள் கோவில் பத்திரிகையான பங்கு மலருக்குச் சாட்சி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று அதையும் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் மே மாதம். வெக்கை தாங்காமல் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் வாசல் சிமென்ட் தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். படுத்துவிட்டால் தலைமாட்டில் மேளம் அடித்தாலும் எழ மாட்டார். விடிந்து வாசல் தெளிக்கப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறியது. இமைகள் இரண்டும் பாதிக் கண்ணுக்கு மேல் ஏறவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவக்காலத் தியானத்தில் பீடத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனிதர் இவர். "பழையபடி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல செலினு. தொண்டை அடைக்குது."

சத்தியத்தையா நம்புவேன்? குனிந்து வாயை மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. அங்கேதான் என் கோபம் நின்று பயம் வந்தது. குடிக்கவில்லை என்றால் இமை ஏன் விழுகிறது?

பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அண்ணன் சவரிமுத்து ஓடிவந்தார். "கேஸ்தான் இது. ஓமத்தண்ணி குடு, ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போயிரும்" என்றார்.

"கேஸுக்கு எப்புடி அத்தான் கண்ணு சொருகும்?" என்று கேட்டுவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "தரையிலயா படுத்திருந்தாரு?" என்பதுதான். கட்டுவிரியன். அது கடித்தால் சில பேருக்கு வலியும் தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாதாம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே மூச்சு நின்றது. கையால் பலூனை அமுக்கி அமுக்கித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அதன்பின் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. கை அசையவில்லை, கால் அசையவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. கூப்பிட்டேன், கிள்ளினேன், திட்டினேன். ஒன்றும் இல்லை.

அங்கிருந்த டாக்டரம்மா, "மருந்து ஏறியிருக்குங்க. காத்திருந்து பாக்கணும். இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். நான் கடையில், "சாயம் போகாதுக்கா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலா இது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

நாள் போகப் போகச் சொந்தக்காரர்கள் கூடினார்கள். அத்தான் என்னை வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "மூச்சு இருக்கையிலயே ஊருக்குக் கொண்டு போயிருவோம்மா. இங்க உயிர் போச்சுன்னா அறுத்துத்தான் குடுப்பாங்க. எங்கப்பாவுக்கு அப்புடித்தான் ஆச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சொல்லும்போதே அவர் அழுதார். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. தம்பியின் கதையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். "போட மாட்டேன்" என்றேன். "அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரியணும். யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன்."

உள்ளே விட்ட நேரமெல்லாம், உங்களை வண்டி வைத்துக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள், நான் நம்ப மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் காதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தேன். எல்லோரும் சொல்வதுதான் நிஜமோ? பிணத்துக்கா மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அங்கேயே செபம் செய்தேன். பக்தியான செபம் இல்லை. "ஆண்டவரே, இந்த மனுஷன் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? எனக்குக் காட்டும். மற்றவர்களுக்குக் காட்டி அவர்கள் வந்து எனக்குச் சொல்கிற மாதிரி வேண்டாம். என் கண்ணுக்கே காட்டும். இல்லாவிட்டால் நான் நம்ப மாட்டேன், உமக்கே தெரியும்." இப்படிக் கேட்கலாமா என்று தெரியாது. கேட்டுவிட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், எங்கள் பங்குச்சாமியார் வந்துகொண்டிருந்தார். போன வருடம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர், என்னைவிட வயதில் இளையவர். கையில் செபப் புத்தகமும் சிறிய எண்ணெய்ச் சிமிழும்.

அந்தச் சிமிழைப் பார்த்ததும் நான் இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். எங்கள் வீடுகளில் அந்த எண்ணெய்க்குப் பழைய பெயர் அவஸ்தைப்பூசுதல். சாமியார் எண்ணெயோடு ஒரு வீட்டுக்குள் போனால், தெருவில் இருப்பவர்கள் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடுவார்கள். என் அப்பாவுக்குப் பூசிய அன்றே அப்பா போய்விட்டார். அதனாலேயே எங்கள் சனங்கள் கடைசி மூச்சு வரைக்கும் சாமியாரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் உயிர் நிற்காது என்று பயம்.

நான் பயந்தபடியே நடந்தது. சாமியாரைப் பார்த்ததும் என் சின்ன மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அத்தான் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெயே வந்துருச்சு. இனிமே என்ன, வண்டியச் சொல்லிருவோம்" என்றார்.

நான் ஐ.சி.யு. கதவை மறித்து நின்றேன். "ஒங்களை யாரு சாமி வரச் சொன்னது?"

"ஒங்க ஊர்லேருந்து போன் வந்துச்சும்மா."

அத்தானைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, என் கையெழுத்துக்குக் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எண்ணெய் எதுக்கு சாமி? சாகுறதுக்கா, பொழைக்கிறதுக்கா? சாகுறதுக்குன்னா உள்ள விட மாட்டேன்."

வேறொரு சாமியாராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். இவர் கோபப்படவில்லை. "பொழைக்கணும்னு கேக்கத்தாம்மா. அறுபது வருஷத்துக்கு முன்னால ரோம்ல ஆயருங்க கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்பறம் அந்தப் பழைய பேரையே விட்டுட்டாங்க. இப்ப இதுக்கு நோயில்பூசுதல்னு பேரு. ஆதியிலயும் இது நோயாளிக்குத்தான். நடுவுல பல நூறு வருஷம் சாகுற நேரத்துக்குன்னு தள்ளி வச்சுட்டாங்க. சாகப்போறவங்களுக்குக் கடைசியாக் குடுக்குறது நற்கருணை அப்பம். அதை நான் கொண்டு வரவே இல்ல, பாருங்க."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சுக்கு மயங்குகிறவளா நான்? "பொஸ்தகத்தைக் குடுங்க" என்று வாங்கி நானே படித்தேன். முன்பக்கம் படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் படித்தேன். நோயாளி குணமாகி, தன் பழைய வேலைகளுக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தச் செபத்தில் கேட்டிருந்தது. சாகப்போகிறவருக்கு எதற்கு வேலை? முதல் தடவையாக எனக்கு நெஞ்சில் ஏதோ இளகியது.

"அப்ப இதை எங்க அத்தான்கிட்டச் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

சாமியார் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது போறவருக்குச் செய்யிறது இல்லைங்க. இருக்கிறவருக்குச் செய்யிறது. வண்டி வேணாம்."

அழுகை சட்டென்று நின்றது. அத்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாமியாரையும் என்னையும் மட்டும் உள்ளே விட்டார்கள். சாமியார் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். பிறகு நெற்றியில் எண்ணெய் பூசினார். உள்ளங்கைகளில் பூசிவிட்டு, புத்தகத்தைத் திறந்து அந்தச் செபத்தைப் படித்தார். நான் கால்மாட்டில் நின்று, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைப் பிடித்திருந்தேன். சில்லென்று இருந்தது.

என் கைக்குள் பெருவிரல் அசைந்தது.

உடனே விழுந்து கும்பிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் செய்தது வேறு. மெஷின் அதிர்வோ என்று கையை எடுத்தேன். பிறகு அவர் காதருகே போய், "நான் சொல்றது கேட்டா விரலை ரெண்டு தடவை அசைங்க" என்றேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு தடவை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை.

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார், டாக்டரம்மா வந்தார். அவர்கள் சொல்லியும் அசைத்துக் காட்டினார். "விஷம் எறங்குது. நல்ல அறிகுறி" என்று டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பினேன். வெளியே ஓடிப்போய் அத்தானிடம் சொன்னபோது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்று வராந்தா ஓரத்தில் அழுததும் இதே அழுகைதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழாயை எடுத்துப் பேச்சு வந்தபிறகு என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு நிமிடம்கூடப் போகவே இல்லை. பல நேரம் காது கேட்டிருக்கிறது.

"எல்லாம் கேட்டுச்சு செலினு. வண்டி சொல்லப் போறாங்கன்னதும் கேட்டுச்சு. கத்துறேன், கத்துறேன், ஒண்ணும் வரல. நீ மட்டும் நம்ப மாட்டேன், நம்ப மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்த. அதையே புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்பறம் நெத்தியில சில்லுன்னு எண்ணெய். பழைய வேலைக்குத் திரும்பணும்னு சாமியார் படிச்சாரு பாரு, அப்பத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு."

ஊருக்கு வந்ததும் அத்தானிடம் மன்னிப்புக் கேட்டு, "போன் போட்டது நீங்கதானே அத்தான்? நல்லதாத்தான் போச்சு" என்றேன். அவர் திகைத்தார். "நானா? எண்ணெயைப் பாத்ததும் நீதான் வரச் சொன்னன்னு நெனச்சேன். நீயே மனசு விட்டுட்டியேன்னுதான் வண்டி சொல்லலாம்னேன். நீ கதவ மறிச்சதும், தப்பாச் சொல்லிட்டமேன்னுதான் தலையக் குனிஞ்சேன்."

விசாரித்தேன், விசாரிக்காமல் விடுவேனா? போன் போட்டது எதிர்வீட்டுப் பச்சையம்மாள் அக்கா. குலதெய்வமான அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற குடும்பம். எங்கள் கோவிலுக்குள் கால் வைத்ததே இல்லை.

"ஆமா, நாந்தான். ஒங்க சாமியார் நோவு கண்டவங்களுக்கு எண்ணெய் பூசுவாருல்ல? எங்க பூசாரி திருநீறு போடுற மாதிரி, கொணமாகத்தானே? நீ ஆஸ்பத்திரியில அல்லாடுற, ஒனக்கு ஞாபகம் வராதுன்னு நான் சொல்லிவிட்டேன். ஏன், தப்பா?"

தப்பு இல்லை அக்கா. ஞானஸ்நானம் வாங்கிய நாங்கள் தலைமுறை தலைமுறையாக எதைக் கண்டு நடுங்கினோமோ, அதைக் குணமாக்குகிற எண்ணெய் என்று இந்த ஒரு வாசலில் நம்பியிருக்கிறார்கள். அன்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஊரில் இப்போது கதை வளர்ந்துவிட்டது. எண்ணெய் பட்டதும் விஷம் நீலமாக வழிந்தது என்கிறார்கள். அப்படி எதுவும் வழியவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், மெஷின் மூச்சு விட்டது. பங்கு மலர்க்காரர் ஒருவர், "மருந்தை மட்டும் விட்டுட்டு எழுதுங்கக்கா, சாட்சி எடுப்பா இருக்கும்" என்றார். மருந்தோடுதான் எழுதுவேன் என்றேன். மருந்தையும் கொடுத்தவர் ஆண்டவர்தானே. நான் கேட்டது அற்புதம் இல்லை. உண்மையைக் காட்டும் என்று கேட்டேன். என் கைக்குள்ளேயே காட்டினார். அவர் செய்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

என் சந்தேகம் போய்விடவில்லை. ஆனால் முன்பு அதை ஒளித்து வைத்துக்கொண்டு பூசைக்குப் போவேன். இப்போது அதையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே போய் நிற்கிறேன். அவர் என்னை விரட்டவில்லை. உங்களையும் விரட்ட மாட்டார். உங்கள் வீட்டில் யாராவது முடியாமல் கிடந்தால், டாக்டரிடம் கொண்டுபோங்கள், சாமியாரையும் சீக்கிரம் கூப்பிடுங்கள். எண்ணெய்க்குப் பயப்படாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, இவள் சொல்வது நிஜமா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். கீரனூர்ப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். செபத்தில் கேட்டபடியே என் வீட்டுக்காரர் பழைய வேலைக்குத் திரும்பி லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெருவிரலை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு தடவை.