அக்கா இளைத்த நாட்கள்

செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டில் யாராவது என்னைப் பார்த்து, "மெலிஞ்சுட்டீங்களே, என்ன டயட்?" என்று கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குளிர்கிறது. சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவைப்பேன். இதே உடம்போடு தாராவிக்குப் போனால், எங்கள் பழைய சந்தில் நுழையும்போதே ஒருத்தி பாத்திரம் தேய்த்தபடி கேட்பாள்: "ஏட்டி, ஒடம்புக்கு என்ன? டெஸ்ட் எடுத்தியா?" டெஸ்ட் என்றால் டிபிக்கான சளி டெஸ்ட். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். அந்தத் தூரத்துக்குள்தான் என் அக்கா செத்துப்போனாள்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். டிபியில் போனார். அவர் இளைத்ததை நாங்கள் இருவரும் அதே அறையில் படுத்துக்கொண்டு பார்த்தோம். முதலில் சட்டை தொளதொளத்தது. பிறகு கன்னம் போனது. கடைசியில் கண்ணும் பல்லும்தான் மிச்சம். அதற்கப்புறம் அம்மா எங்கள் தட்டில் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டாள். போதும் என்று எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையை அக்கா தனக்குத் தானே செய்துகொண்டாள். தட்டில் ஒரு பிடி மிச்சம் வைக்க மாட்டாள்.

"மிச்சம் வச்சா அப்பா வந்து நிக்காவட்டி, வாசல்கிட்ட" என்பாள்.

நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு வாசலைப் பார்ப்பேன்.

அக்கா பருத்தாள். சந்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. நல்ல தாட்டியா இருக்கா, வீட்டுல குறைவில்ல என்றார்கள். உண்மையில் அந்த வீட்டில் குறைவுக்குக் குறைவே இல்லை. அத்தானுக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை. அக்கா மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல். காலையில் டீயும் பாவு ரொட்டியும் தின்றுவிட்டுக் கிளம்புவாள். போகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். திரும்பி வந்து பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்க முடியாது என்ற பயம். சாயங்காலம் பசி வெறியோடு வந்து, சோறும் பொரித்த உருளைக்கிழங்கும், கடையில் மலிவாய்க் கிடைக்கும் உடைந்த பர்சான் மிக்சருமாக உள்ளே தள்ளுவாள். இப்படி வந்த உடம்பைத்தான் செல்வம் என்றார்கள். எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று இன்றுவரை தெரியாது.

அவள் வயிற்றில், பிள்ளைப்பேற்றுக்காக அறுத்த பழைய தழும்பின் ஓரத்தில், ஒரு உருண்டை தள்ள ஆரம்பித்தது. குடலிறக்கம் என்றார் டாக்டர். அறுவை செய்தே ஆகவேண்டும், ஆனால் இந்த எடையில் தையல் நிற்காது, முதலில் இளைத்துவிட்டு வாங்க என்றார். இளைக்காமல் விட்டால் குடல் ஒருநாள் மாட்டிக்கொண்டு முறுக்கிவிடும், அப்போது உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தெளிவாகத்தான் சொன்னார்.

"நடக்கச் சொல்லுதாரு. மாட்டுங்காவுக்குப் பறந்தா போறேன்?" என்று அக்கா வெளியே வந்து முனகினாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் சமைத்த வீட்டு மாமிக்கும் அப்போது எடையைக் குறைக்கும் காலம். தலைமுறைகளாய் மாட்டுங்காவில் இருக்கும் குடும்பம்; மாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலுக்காக மெலிய வேண்டியிருந்தது. சாப்பாட்டைச் சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கே வந்து போனாள். அக்கா சுரைக்காய்க் கூட்டும் ராகிக் கஞ்சியும் செய்தாள். மாமி காலையில் பூங்காவைச் சுற்றி நடந்தார். மாமி நல்லவர், பொய் சொல்லக் கூடாது. "நீயும் இதையே சாப்பிடேன்டி, ரெண்டு பேருமா இளைப்போம்" என்று அக்காவுக்கும் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தார்.

இருவரும் இளைத்தார்கள். மாமிக்குப் பெரிதாகிப்போன ரவிக்கைகள் அக்காவுக்கு வந்தன. கொஞ்ச நாளில் அவையும் அக்காவுக்குத் தொளதொளத்தன. மாமியைப் பூங்காவில் பார்த்தவர்கள் எல்லாம் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். சமையல் குறிப்பு கேட்டு வீட்டுக்கே வந்தார்கள். அக்காவைச் சந்தில் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவள் குடத்தோடு ஒட்டாமல் தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடந்தது. கீழ்த்தளத்தைப் பை தைக்கிறவர்களுக்கு விட்டிருந்ததால் மேல் அறைதான் வீடு. வெளியே செங்குத்தான இரும்பு ஏணி. சந்துப் பெண்கள் மூச்சுவாங்க ஏறி வந்து உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். ஜெபம் நடத்துகிற அம்மா கண்ணை மூடிக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"ஆண்டவரே, இந்த வீட்டுத் தகப்பனைத் தின்ன அந்த நோய், இன்னிக்கு மகளைத் தின்னுக்கிட்டு இருக்கு. இவளை உருக்குற அந்த ஆவியைக் கட்டி ஜெபிக்கோம் ஆண்டவரே!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். அத்தானும் சொன்னார். அக்கா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் எங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இளைத்ததால் ஜாடை வெளியே வந்திருந்தது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த அறையில் அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

கோள் என்றால் சண்டை போடலாம். ஜெபத்தோடு யார் சண்டை போடுவது? அக்கா வீட்டில் டிபி என்பது ஒரே வாரத்தில் மான்குர்த் வரை போய்விட்டது. எல்லா இடத்திலும் அவளுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள்.

இன்னும் கொஞ்சம் இளைத்தால் அறுவைக்குத் தேதி தருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து அக்கா மகளுக்குத் திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நிலையான வேலை. பிள்ளை தாராவியிலிருந்து வெளியே போய்விடுவாள் என்பது அக்காவின் ஒரே கனவு. பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும் விஷயம் விழுந்திருந்தது. பெண்ணுடைய அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"டாக்டர் சொல்லித்தான் இளைச்சேன்னு சொல்லிருவோமே அக்கா" என்றேன்.

"போட்டி கிறுக்கி. ஏழை வீட்டுல எவளாவது வேணும்னு இளைப்பாளான்னு கேப்பாவ. நீ என்னத்த பதில் சொல்லுவ?"

அவர்கள் வந்த அன்று அக்கா பட்டுப்புடவைக்கு உள்ளே ஒரு பழைய நூல்புடவையை இடுப்பிலும் வயிற்றிலும் சுற்றிக்கொண்டாள். நான்தான் சுற்றிவிட்டேன். ரவிக்கைக்குள் கைத்தறித் துண்டு. தகரக் கூரை, மே மாத வெயில். உருண்டையின் மேல் முடிச்சு அழுத்தியபோது பல்லைக் கடித்தாள். "இன்னும் ஒரு சுத்து சுத்துட்டி" என்றாள்.

பையனின் அம்மா ஏணி ஏறி வந்து, அக்காவை மேலும் கீழும் பார்த்து, முகம் மலர்ந்தாள். "ஊர்ல என்னென்னமோ சொன்னாவ. பம்பாய்த் தண்ணி ஒங்களுக்கு நல்லா ஒட்டியிருக்கே மைனி!"

பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் இறங்கியதும் நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தோம். புடவையை அவிழ்க்க அவிழ்க்க ஈரமாய் வந்தது. அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு அப்பா வரல, கவனிச்சியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்யாணம் வரைக்கும் தினமும் இரண்டு புடவை கட்ட முடியுமா? அக்கா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். மருந்து குடிப்பது போல, பிடிக்காமல், பாவும் வெண்ணெயும் எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிட்டாள். மாமி வீட்டில் சுரைக்காய் நறுக்கிவிட்டு வந்து இங்கே இதைச் செய்தாள். கல்யாணத்தன்று சர்ச் வாசலில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள். ஜெபம் நடத்தின அம்மா சாட்சியே சொன்னாள்.

மகளை அனுப்பிவைத்த பிறகு அக்கா டாக்டரிடம் போனாள். மறுபடியும் முதலிலிருந்து என்றார் அவர். சரி என்று தொடங்கினாள். ஆனால் உடம்பு காத்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் வலி வந்து வாந்தி எடுத்தாள். கீழே பை தைக்கிறவர்கள்தான் ஓடி வந்தார்கள். அந்த ஏணியில் அவளைத் தூக்கி இறக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, புடவையால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படிப்படியாக இறக்கினார்கள். நான் செம்பூரிலிருந்து வந்தபோது அவள் இன்னும் பாதி ஏணியில் இருந்தாள். என்னைப் பார்த்து, வெட்கத்தோடு, புடவைத் தலைப்பை இழுத்துவிடச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். குடல் கறுத்துவிட்டது என்றார்கள்.

குளிப்பாட்டும்போது பெண்கள் அவள் கையைத் தடவித் தடவி அழுதார்கள். "பாரு, எப்படி மினுமினுன்னு இருக்கு. ஒரு நோய்நொடி இல்லாத ஒடம்பு" என்றாள் ஒருத்தி. நான் அவளை அடிக்கப் போனேன். பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அக்கா மகள் திசையன்விளைப் பக்கம் இருக்கிறாள். வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் முகம் கொஞ்சம் கூடியிருக்கும். கன்னம், கழுத்து, சிரிக்கும்போது மூடிக்கொள்ளும் கண் எல்லாமே அக்காதான். போன் அடித்தால் ஒரு முறை அடங்கவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னாலிருந்து மாமியார் பெருமையாகச் சொல்வாள், "பாத்தியளா மைனி, ஒங்க பிள்ளைய எப்படித் தேத்தியிருக்கேன்!"

போன வாரம் பிள்ளை திடீரென்று இந்திக்கு மாறினாள். அந்த வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்துக்கொண்டு சொன்னாள்: "சித்தி, டாக்டர் வஜன் கம் கர்னே கோ போலா. ஷுகர் ஹை. இதர் கிசி கோ நை போல்னே கா." எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், சர்க்கரை வந்துவிட்டது, இங்கே யாரிடமும் சொல்லாதே.

அவளுக்கு இன்னும் பிள்ளைகூடப் பிறக்கவில்லை. என் பொறுமை போய்விட்டது. போனை மாமியாரிடம் கொடு என்றேன். அவள் கண்ணால் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் தமிழில், ஒன்றும் மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு டிபி இல்லை, வயிற்றில் குடலிறக்கம், இளைத்திருந்தால் பிழைத்திருப்பாள், உங்களுக்காகத்தான் உள்ளே புடவை சுற்றிக்கொண்டு நின்றாள், இந்தப் பிள்ளையையாவது இளைக்க விடுங்கள் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டாள்.

"அப்போ நோய் இருந்திருக்கு. மறைச்சுத்தான் பொண்ணைக் குடுத்திருக்கிய, என்ன மைனி?"