பாதியில் நின்ற தோசை

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீடு இரண்டே அறை. தொண்ணூறுகளின் கடைசியில், என் கணவரோடு வேலை பார்த்த ஒரு நண்பர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். ஒரு காட்சிக்கு எங்கள் சமையலறையைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கம்பக்கத்தில் ரேடியோவை அணைக்கச் சொல்லிக் கேட்டபடி என் கணவர் பகல் முழுக்கத் தெருவில் நின்றார்.

வேலை போனதைக் கணவன் வந்து சொல்ல வேண்டும். தோசை சுட்டுக்கொண்டிருக்கும் மனைவி அழ வேண்டும். மனைவியாக நடித்தவர் மேடை நாடகக்காரர். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் அழுததில், கதவோரம் நின்ற எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மற்றவர்கள் சாமான்களைக் கட்ட, ஒலிப்பதிவு செய்பவர் மட்டும் என்னைத் தோசை ஊற்றச் சொல்லி அடுப்பருகே மைக்கைப் பிடித்தார். “பாதி தேய்ச்சு ஸ்வல்ப நேரம் நிறுத்துங்கம்மா. நான் கை காட்டினதும் மறுபடி தேய்ங்க” என்றார். எதற்கென்று நானும் கேட்கவில்லை. சொன்னபடி செய்தேன்.

மறு வருடம் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன அரங்கில் படத்தைப் போட்டார்கள். அழும் இடம் வருகிறது, பாருங்கள் என்று கணவரின் கையைத் தொட்டேன். ஆனால் கேமரா சமையலறைக்குள் போகவே இல்லை. வாசல் வழியே அவளுடைய முதுகும் முழங்கையும் மட்டும் தெரிந்தன. முன்னறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே கல்லில் மாவு விழுந்தது, கரண்டி தேய்த்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். கரண்டியின் சத்தம் நின்றது. கல் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவன் ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்தான். பிறகு கரண்டி மிச்ச மாவையும் தேய்த்தது. “ரெண்டு போதுமா?” என்று உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. அவ்வளவுதான்.

அந்த நிறுத்தம் என் கையுடையது.

வெளியே வந்ததும், அழுகையை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. வெச்சும் பார்த்தோம். எல்லாரும் அவங்களையே பாக்கறாங்க, அவன் அங்க உக்காந்திருக்கறதே மறந்துபோகுது.”

மனைவியாக நடித்தவரும் பக்கத்தில்தான் நின்றார். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது என்றார். ஆனால் சத்தம் நின்ற இடத்தில் தானும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். அது நான் ஊற்றிய தோசை என்று நண்பர் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில், அப்படி நிறுத்தியபோது என்ன நினைத்தாய் என்று கணவர் கேட்டார்.

“தோசை கருகிடுமேன்னு நெனச்சேன்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

“அவளும் அதைத்தான் நெனச்சிருப்பா.”