ஆம்பூரில் சொல்யூஷன் ஆவியைப் பார்க்கப் போன கதை

ஆம்பூருக்குப் போகிறவர்கள் பிரியாணிக்காக வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போவார்கள். போன சனிக்கிழமை நான் ஆறு அங்குலக் குழியாடி ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போனேன். தொலைநோக்கிக்காக நானே மாதக்கணக்கில் தேய்த்த கண்ணாடி அது.

காரணம் என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கே தோலை ஒட்டும் பெண்களுக்கு மதியம் மூன்று மணியானால் தலைவலி. பவானி என்பவர் இந்த மாதத்தோடு வேலையை விடுவதாகவே சொல்லிவிட்டார். ஒட்டும் பசையை அங்கே சொல்யூஷன் என்கிறார்கள். அதன் ஆவியை இழுக்கத் தலைக்கு மேலே குழாய் இருக்கிறது, பிறகென்ன குறை என்பது மேனேஜரின் கட்சி. ஆவி மேலே போனால்தானே இழுக்கும் என்பது ஸ்டெல்லாவின் கட்சி. "கண்ணால பாத்தாதான் நம்புவாராம். நீ வந்து காட்டுடி" என்றாள்.

சத்துவாச்சாரியில் சித்தி வீட்டில் தங்கி, காலை 7.10க்கு வேலூரில் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 42 ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடது பக்கத்தை வாட்டி எடுக்கும். ஆம்பூரிலிருந்து கம்பெனிக்கு ஆட்டோ, நான்கு கிலோமீட்டருக்கு 120 ரூபாய்.

"இன்னா மேடம் அது, கொழந்த மாதிரி புடிச்சினு இருக்கீங்க?" என்றார் டிரைவர்.

"கண்ணாடி பாய். காத்தப் பாக்கறதுக்கு."

"காத்தப் பாக்கவா? தாராளமா வெளிய பாருங்க, அதுக்குத் தனியா துட்டு வேணாம்!"

கம்பெனி வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது. "மேனேஜர் உங்கள உள்ள வுட வேணாம்னுட்டாரு" என்றார் வாட்ச்மேன். வெயிலில் நிற்கவைத்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஸ்டெல்லாவைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது மேனேஜரே வந்துவிட்டார். "வக்கீலம்மா, எங்க பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு. கேஸ் கீஸ்னு எதுக்கு?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. "நாளைக்கு என் ஃப்ரெண்டு வந்து கேஸ் பாப்பா சார்" என்று முந்தைய நாள் சொல்லி வைத்திருக்கிறாள் இந்த மகராசி! மனிதர் கோர்ட் கேஸ் என்று எடுத்துக்கொண்டு ராத்திரி தூங்கவில்லையாம்.

"சார், இது சிலிண்டர்ல வர்ற மாதிரி கேஸ்! சொல்யூஷன்லேருந்து ஆவியா வருதே, அது!" என்று போர்வையைப் பிரித்தேன். கண்ணாடியில் அவர் மீசை இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஒரு நொடி உற்றுப் பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். வாசல் கேட் திறந்தது.

இந்த முறைக்கு ஷ்லீரன் என்று பெயர். கண்ணாடியிலிருந்து எட்டு அடி தள்ளி ஊசித் துளை போட்ட டார்ச். திரும்பி வரும் ஒளி ஒரு புள்ளியாகக் குவியும் இடத்தில், அதில் பாதியை மறைக்கும்படி ஒரு பிளேடு. பிளேடுக்குப் பின்னால் செல்போன் கேமரா. அவ்வளவுதான். கண்ணாடியின் முன்னே காற்றின் அடர்த்தி எங்கே மாறினாலும் அங்கே ஒளி லேசாக வளையும். வளைந்தது பிளேடில் மாட்டினால் இருட்டு, தப்பினால் வெளிச்சம். முதலில் பவானியைக் கையை நீட்டச் சொன்னேன். விரல்களிலிருந்து வெப்பம் சுருள் சுருளாக மேலே ஏறுவது போனில் தெரிந்ததும், "ஐயே, என் கையி ஆவி வுடுது!" என்று கத்தினார்.

பிறகு டப்பா மூடியில் கொஞ்சம் சொல்யூஷன் ஊற்றி மேஜை ஓரத்தில் வைத்தோம். எல்லோரும் போனை எட்டிப் பார்த்தோம். ஆவி ஏறவே இல்லை. பால் பொங்கி வழிவதுபோல மூடியின் விளிம்பைத் தாண்டி, மேஜையில் படர்ந்து, ஓரத்தில் இறங்கியது. காற்றைவிடக் கனம், அதுதான். குனிந்து ஒட்டும்போது மூக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

"யா அல்லா, மடியில இல்ல கொட்டுது!" என்றார் மேனேஜர். ஆளைக் கூப்பிட்டு, மேலே இருந்த குழாயை மேஜை ஓரத்துக்கு இறக்கச் சொன்னார். ஒரு ஷூ பெட்டியை வெட்டிக் குழாய்க்கு வாய் செய்தார் கம்பெனி மெக்கானிக். மறுபடி பார்த்தோம். வழிந்துகொண்டிருந்த ஆவி அப்படியே திரும்பிப் பெட்டிக்குள் போனது.

"போவுது பாரு, போவுது பாரு!" என்று பவானி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். ஹால் முழுக்கக் கைதட்டல். மாதக்கணக்கில் கண்ணாடி தேய்த்ததற்கு வானத்தில்கூட இப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை.

நீங்களும் செய்வதாக இருந்தால்: ஃபேனை எல்லாம் நிறுத்துங்கள், கண்ணாடி ஆடாத மேஜையில் இருக்கட்டும். சோதனைக்குச் சூடான டீ போதும். சொல்யூஷன் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி, தீக்குச்சி பக்கமே போகாதீர்கள். பிளேடை நகர்த்திச் சரிசெய்யவே அரை மணி நேரம் போகும், பொறுமை வேண்டும். பிரியாணி ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, முதலிலேயே சொல்லி வையுங்கள். நான் கோட்டை விட்டேன்.

புதன்கிழமை ஸ்டெல்லா கூப்பிட்டாள். எல்லா மேஜைக்கும் குழாய் இறக்கியாகிவிட்டதாம்.

"ஆனா மேனேஜர் உன்மேல கோவமா இருக்காரு. மூணு மணிக்கு மேல ஹால்ல ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு, பேஜாரா இருக்குன்றாரு" என்றாள். "பவானிதான்டி ஜாஸ்தி."