கட்டிலோரத்து மணிக்கயிறு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இதனால் என் வேலையே போனது. இனிப் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வர்ஜீனியாவில் பழைய ஜனாதிபதி ஒருவரின் வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. அமெரிக்கா பிறந்த புதிதில் நாட்டை ஆண்ட மனிதர். விடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவது அவர் பழக்கம். கட்டிலோரக் கயிற்றை இழுத்தால் நிலவறையில் மணி அடிக்கும். அடிமை ஒருவர் தண்ணீர் தூக்கி வருவார். பார்வையாளர்களுக்காக அதை நான் தினமும் ஒரு தடவை இழுத்துக் காட்டுவேன். கட்டிலடியில் உள்ள பித்தளைத் தொட்டி காலியாகத்தான் இருக்கும். தரை பழசு என்பதால் தண்ணீர் கூடவே கூடாது.

ஜூலையில் தொடங்கியது. கூட்டத்தை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் தொட்டி நிறைந்திருக்கும். தரையெல்லாம் ஈரம். துடைத்துத் துடைத்தே என் கை ஓய்ந்தது. மேலாளர் ஹாலிஸ் என்னைத்தான் குதறினார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“இன்னொரு வாட்டி தரை நனைஞ்சா, நீ வீட்டோட இருந்துக்கலாம், தபிதா.”

ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. மறுநாள் காலை ஆறரைக்கே தனியாகப் போனேன். யார் இந்த வேலை பார்ப்பது என்று பார்த்துவிட வேண்டும். கயிற்றை இழுத்தேன். கீழே மணி அடித்தது. காத்திருந்தேன்...

ஒன்றுமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடியும். வெறி பிடித்தவளைப்போல இழுத்தேன்.

தட்... தட்... தட்...

படியில் வெறுங்கால் சத்தம். ஓடி வந்தது.

மூச்சிரைப்பு... அறைக்குள்ளேயே.

ஆளில்லை.

தொட்டியில் தண்ணீர் ஏறியது. தளும்பி என் காலில் பட்டது. பனிக்கட்டிக் குளிர்.

மண்டியிட்டவர் குரல்போல, என் காலடியிலிருந்து ஒரு கிழவரின் குரல் நடுங்கியது.

“வந்துட்டேன் எசமான்... வந்துட்டேன்...”

ஓடிவிட்டேன்.

தரை நனைந்திருந்தது. அன்றே வேலை போனது. என் பொருட்களை எடுக்கப் போனபோது, சமையற்கட்டைக் காட்டும் ஒடெஸாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுடைய முன்னோர்கள் அந்த வீட்டில்தான் அடிமைகளாக இருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எத்தனை தடவை இழுத்தாய் என்று மட்டும் கேட்டாள். ஏன் என்றேன்.

“ஒரு தடவை அடிச்சா தண்ணி கொண்டு வரணும். எங்க வீட்டுல வழிவழியா சொல்றது இது. அதுக்கு மேல அடிக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு சவுக்கடி.”

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்; ஒரு கை போதவில்லை.